நிக்கறவங்க முன்னாடி உக்காந்து பேசக்கூடாது

இருக்கு சார், தேனீ வளர்ப்புப் புத்தகம் கண்டிப்பா இருக்கு. அந்தக் கடைசி வரிசை, கீழ்த்தட்டு. எடுத்துத் தர மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. கொஞ்சம் இப்படி நில்லுங்க, சொல்றேன்.

போன வாரம் எங்களுக்குப் பயிற்சி வெச்சாங்க சார். நூலகத்துல வேலை பாக்கறவங்க வாசகர்கிட்ட எப்படிப் பழகணும்னு வெளியிலேர்ந்து ஒரு மேடம் வந்து சொல்லிக்குடுத்தாங்க. யாராச்சும் வந்தா எந்திரிச்சு நிக்கணும். விரலை நீட்டி வழி காட்டக்கூடாது, உள்ளங்கையை விரிச்சுத்தான் காட்டணும். அவங்க கேட்டதையே திருப்பிச் சொல்லி, சரிதானேன்னு கேக்கணும். அப்புறம் அலமாரி வரைக்கும் கூடவே நடந்து போகணும்.

சிரிக்காதீங்க. புத்தகத்துக்கு நம்பர் ஒட்டற அக்கா இதை வீட்டுலயும் பழகிப் பாத்தாங்களாம். சட்டையில பட்டன் இல்லைன்னு வீட்டுக்காரர் கத்தியிருக்காரு. சட்டையில பட்டன் இல்லைன்னு சொல்றீங்க, சரிதானேன்னு இவங்க சிரிச்ச முகமா கேட்டிருக்காங்க. மனுஷன் மிரண்டுபோய் தானே ஊசிநூலை எடுத்துத் தெச்சுக்கிட்டாராம்.

நடிச்சுக் காட்டற பயிற்சி வேற. வாட்ச்மேன் அண்ணன்தான் கோவக்கார வாசகர். அவர் போட்ட சத்தத்துல மேடத்துக்கே கண்ணு கலங்கிடுச்சு. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, தினம் காதுல விழறதுதானேங்கறாரு, எங்க தலைமை நூலகரைப் பாத்துக்கிட்டே!

ஆனா மேடம் போகும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. இந்த வாரம் சாதாரண வாசகர் மாதிரி ஒருத்தர் வருவாராம், நமக்கே தெரியாம மார்க் போடுவாராம். தேறினாத்தான் என்னை மாதிரி தற்காலிக ஆளுக்கு வேலை நிரந்தரம். அவ்ளோதான், வர்றவங்க எல்லாருக்கும் மாப்பிள்ளை மரியாதை! நேத்து பாவம், ஒரு பெரியவர் பாத்ரூமுக்குத்தான் வந்தாரு. நாங்க ரெண்டு பேரு கையை விரிச்சபடி கதவு வரைக்கும் கூடப் போய், வேற ஏதாவது உதவி வேணுமாங்கய்யான்னு நின்னோம். மனுஷன் வந்த வேலையை விட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டாரு.

ஐயையோ, வாட்சைப் பாக்கறீங்களே. நீங்கதான் அவர்னு எனக்குத் தெரியும் சார். மேடம் பயிற்சியில சொன்ன உதாரணமே தேனீ வளர்ப்புதான். மத்தபடி இங்க அதை ஒரு ஈ காக்கா கேட்டதில்ல. இல்லைன்னு தலையாட்டாதீங்க. ஒத்துக்கக்கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு இருக்கும்.

எந்திரிக்கலையேன்னு, திமிர் புடிச்சவன்னு மட்டும் எழுதிடாதீங்க. மேசைக்கு அடியில என் பொண்ணு தூங்கறா. புத்தகம் வந்த அட்டைப்பெட்டியில, சக்கரப் பலகை மேல. ராத்திரியெல்லாம் காய்ச்சல். காய்ச்சல்காரப் பிள்ளையைக் காப்பகத்துல சேத்துக்க மாட்டாங்க. லீவு போட்டா அன்னிக்குப் பாத்து நீங்க வந்துட்டுப் போயிடுவீங்களோன்னு பயம். இப்பத்தான் சூடு விட்டிருக்கு. இவ்ளோ நேரமும் என் காலு அந்தப் பலகையை முன்னும் பின்னும் உருட்டிக்கிட்டேதான் இருக்கு. நிறுத்தினா முழிச்சு ஊரைக் கூட்டிடுவா.

ஒண்ணு பண்ணலாம். நீங்க இப்படி வந்து உக்காருங்க சார். செருப்பைக் கழட்டிட்டுக் காலை இங்க வைங்க. முன்னாடி, பின்னாடி... மெதுவா... ஆங், அப்படித்தான். உங்களுக்குப் பழக்கம் இருக்கும்போலயே! நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துட்டு வந்துடறேன். மார்க்கெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், காலை மட்டும் எடுத்துடாதீங்க.