சத்தம் போடாத பிள்ளை

வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு எடுத்த எடுப்பில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. முதலில் ஒரு கட்டி வெல்லம், அப்புறம்தான் சொம்பு. ஏரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இந்த ஊருக்கு ஐந்து மைல் நடை, நடுவில் பேருக்கு ஒரு நிழல் கிடையாது. உங்கள் கான்ஸ்டபிள் இரண்டு கட்டி எடுத்துக்கொண்டார், பரவாயில்லை. என் தங்கை ராஜமேரிதான் தொடவில்லை. வாசல் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாலு வருஷம் குளிர் நாட்டில் இருந்துவிட்டு வந்தவள், மயக்கம் வரும். அவளை உட்காரச் சொல்லுங்கள்.

குழந்தை எங்கே என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வீட்டைப் புரட்டிப் போட்டாயிற்று, பள்ளிக்கூடத்தையும் திறந்து பார்த்தாயிற்று. லூர்துமேரி பத்திரமாக இருக்கிறாள், ஐயா. எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் பதினெட்டு வருஷமாக வாத்தியார் வேலை பார்ப்பவள். முதல் பாடத்தை முடிக்காமல் இரண்டாவதற்குப் போகத் தெரியாது. நடுவில் அதட்டினால் வாய் அடைத்துவிடும். அந்த லத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பாக்கியமேரி. ஓராசிரியர் பள்ளி.

ராஜமேரிக்கு மூன்று வயதாகும்போது எங்கள் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குத் தலை பின்னி விட்டது, பேன் பார்த்தது, பூப்பெய்தியபோது மஞ்சள் தண்ணீர் ஊற்றியது, பிலவேந்திரனுக்குக் கட்டிக் கொடுத்தது எல்லாம் நான்தான். பிலவேந்திரன் அனாதை விடுதியில் வளர்ந்தவன், நல்ல பையன், ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அங்கே இருந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர், தன் நாட்டு மலையூர் ஒன்றில் தங்கள் சபை நடத்தும் விருந்தினர் விடுதிக்குக் கையாள் வேண்டும் என்று அவனைக் கேட்டார். பனிக்காலம் ஆறு மாதத்துக்கு மட்டும். மனைவியும் வரலாம், கைக்குழந்தையும் வரலாம். நாலு வயது லூர்துவுக்கு மட்டும் எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தது. குளிருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எண்பத்தொன்று நவம்பர். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பிள்ளையின் கையை என் கையில் பிடித்து வைத்தாள்.

"ஆறே மாசந்தாங்க்கா. சித்திரைக்கு வந்துருவம். ஒங்கிட்ட இருந்தா அவ எங்கிட்ட இருக்கற மாதிரிதான்."

இதை அவள்தான் சொன்னாள். வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதங்கள் ஒழுங்காக வந்தன. கூரை மேல் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்குமாம். அந்த ஊருக்குப் பிழைப்பே அந்தப் பனிதானாம். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து, காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்கி விளையாடுவார்களாம். பனி உருகியதும் வருகிறோம் என்று எழுதினாள். பனி உருகியது. வெயில் காலத்திலும் மலையேற ஆட்கள் வருகிறார்கள், விடுதியை நடத்தும் மதர் விடமாட்டேன் என்கிறார் என்று எழுதினாள். அப்புறம் அடுத்த பனி. அப்புறம் அதற்கடுத்த பனி. கைக்குழந்தையாகப் போன பையன் சின்னப் பலகை மேல் நின்று சிரிக்கிற போட்டோ ஒன்று வந்தது. லூர்து அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பனின்னா உப்பு மாதிரியா, பெரியம்மா?"

"உப்பு மாதிரிதான். கரிக்காது."

முதல் சில மாதங்கள் அழுதாள். பிறகு நின்றுவிட்டது. எனக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தது, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து இந்த மாரப்பன் வீட்டுப் பின்கட்டில் குடியேறினேன். ஒரு நாள் பள்ளி வாசலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். "அம்மா" என்று அலறிக்கொண்டு நேராக என்னிடம் ஓடி வந்தாள். பிள்ளைகள் தப்பாகச் சொல்வதைத் திருத்துவதற்குத்தான் எனக்குச் சர்க்கார் வேலை கொடுத்திருக்கிறது. அன்று நான் திருத்தவில்லை.

எண்பத்து நாலு பிப்ரவரியில் அந்தக் கடிதம் வந்தது. அங்கே உள்ள டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டினார்களாம். மலைக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்றாராம். பிள்ளைக்குக் காகிதம் எல்லாம் தயார், மே மாதம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தாள். அன்றைக்குக் கரும்பலகையில் ஒரு எழுத்து ஒழுங்காக வரவில்லை. பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பேன். அவ்வளவு பயம், ஐயா. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் இருக்க முடியும்?

அதே கடிதத்தில், மலைப்பனி சரிந்து விழுந்து மூன்று நாள் பாதை அடைபட்டுக் கிடந்தது என்றும் எழுதியிருந்தாள். அந்தப் பத்தியை மட்டும் பிள்ளைக்கு உரக்கப் படித்தேன். முடிவை நான் சேர்த்துக்கொண்டேன். அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் அதன் அடியில் போய்விட்டார்கள் என்று சொன்னேன். ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் காலையில் பல்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீயும் செத்துப் போயிருவியாம்மா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

பிறகு ராஜமேரிக்கு எழுதினேன். லூர்துவுக்கு மஞ்சள் காமாலை கண்டது, ஏரியூருக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது, இங்கேயே அடக்கம் செய்துவிட்டேன் என்று. தந்தி கொடுக்கவில்லை. தந்தி என்றால் நாலு பேர் கேட்பார்கள். கடிதம் போய்ச் சேரப் பதினைந்து நாள், செத்த தேதியை இன்னும் பத்து நாள் முன்னதாகப் போட்டேன். விசா புதுப்பிக்கக் கொடுத்து, பாஸ்போர்ட் அவர்கள் கையில் இல்லாத சமயம் அது, உடனே புறப்பட்டு வர முடியாது. அதுவும் எனக்குத் தெரியும், அவளே எழுதியிருந்தாள். அழுது அழுது மசி கலைந்த கடிதம் ஒன்று வந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது. என் தங்கை இல்லையா?

பார்த்தீர்களா, இப்போதும் கூப்பிடுகிறாள். "லூர்து, லூர்தும்மா" என்று வந்ததிலிருந்து கூப்பிட்டபடியே இருக்கிறாள். நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளை பயப்படுவாள். ஏன் என்று சொல்கிறேன்.

ஊர்க்காரர்கள் தங்கள் பெரியவர்களுக்குச் சமாதியில் படையல் வைப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கு எங்க கல்லறை?" என்று ஒரு நாள் கேட்டாள். கேட்ட பிள்ளைக்கு ஏதாவது காட்டத்தானே வேண்டும். புங்க மரத்தடியில் ஒரு மேடு போட்டு, மரச்சிலுவை நட்டுக் கொடுத்தேன். அது அவளுக்கு அம்மா அப்பா கல்லறை. ராஜமேரிக்கு அதுதான் மகள் கல்லறை. அவள் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டாள் என்று டவுனிலிருந்து ஒரு பங்குச் சாமியார் வந்து அந்த மேட்டை மந்திரித்துவிட்டும் போனார். அன்றுதான் முதல் தடவையாகப் பிள்ளையை ஒளித்து வைத்தேன்.

ஒளிவதற்கு அவளைப் பழக்குவது சிரமமாக இல்லை. பனியில் செத்தவர்களுக்குக் குளிர் தாங்காது, சூடாக இருக்கிற பிள்ளைகளைத் தேடி வருவார்கள் என்று சொல்லியிருந்தேன். "உங்கம்மா மாதிரியே இருக்கும். உங்கம்மா குரலிலேயே பேர் சொல்லிக் கூப்பிடும். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பனிக்குள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும்." இதை நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் ரோட்டோரத்துப் பிள்ளைக்கு லாரியைக் காட்டி எச்சரிப்பதில்லையா, அந்த மாதிரிதான். சில நாள் வெறுமனே பயிற்சி வைப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ராஜமேரி குரலில் கூப்பிடுவேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, மூச்சு விடாமல் இருப்பாள். கதவைத் திறந்ததும் என்னை வந்து கட்டிக்கொள்வாள். அப்படி ஒரு கட்டு, ஐயா. பெற்றவளுக்குக்கூடக் கிடைக்காது.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஸ்வெட்டர்.

ராஜமேரி மகளுக்காகச் சிவப்பு ஸ்வெட்டர் பின்னிக் கப்பல் பார்சலில் அனுப்பியிருந்தாள். சாவுக் கடிதம் அங்கே போன பிறகு பார்சல் இங்கே வந்தது. இடது கை முடிகிற இடத்தில் சிவப்பு நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூல் போட்டிருந்தாள். அதைக் கல்லறைக்குள் வைத்துவிட்டேன் என்று எழுதினேன். ஆனால் விடியற்காலையில் இருமுகிற பிள்ளைக்கு நல்ல ஸ்வெட்டரைப் போடாமல் யார்தான் மண்ணில் புதைப்பார்கள்? போன வருஷம் கல்லறைத் திருநாளன்று போட்டோக்காரரை வரவழைத்து, ராஜமேரிக்காக மேட்டைப் படம் எடுத்தேன். பிள்ளையைத் தள்ளி நில் என்றுதான் சொன்னேன். அணைகிற மெழுகுவர்த்திக்குக் கையை மறைத்துப் பிடித்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில் ஒரு கை, அதன் முனையில் பச்சை நூல். நான் கவனிக்கவில்லை. விடைத்தாளில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் நான். இந்த வருஷம் அதை அனுப்பினேன். அந்தப் போட்டோதான் இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

அந்த இடத்துக்கு வருகிறேன். பொறுங்கள்.

இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளில் ராகியை மூட்டையில் வைக்கமாட்டார்கள். பூமிக்குள் குழி வெட்டி, மேலே ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு வாய் வைத்து, கல்லால் மூடிச் சாணி மெழுகிவிடுவார்கள். வருஷக்கணக்கில் கெடாது. மாரப்பன் வீட்டுக் குழி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. பாதிக்கு ராகி, மீதி இடம் காலி. குடிவந்த புதிதில் அவர் சம்சாரம் தங்கம்மாள்தான் அதை எனக்குக் காட்டினாள்.

"டீச்சருங்க, வெளக்கு எறக்காம இதுல காலு வெக்கக் கூடாதுங்க. கல்ல நவுத்திட்டுக் கொஞ்ச நேரம் தொறந்து போடோணும். அப்பறம் கயித்துல வெளக்கக் கட்டி எறக்கிப் பாக்கோணும். நின்னு எரிஞ்சா எறங்கலாம். அணைஞ்சுபோச்சுன்னா உள்ள காத்து கெட்டுருக்குதுன்னு அர்த்தம். எங்க கொழுந்தனாரு பாக்காம எறங்கிட்டாருங்க. மேல நின்னு கூப்புட்டம், கூப்புட்டம், ஒரு சத்தமில்ல. தூங்குறாப்பல கெடந்தாரு."

நான் கவனமானவள். சாமியார் வந்த அன்று விளக்கு இறக்கிப் பார்த்தேன், நின்று எரிந்தது. அதன் பிறகு இரண்டு தடவை ஒளித்து வைத்தபோதும் பார்த்தேன். கல்லை ஒரு விரல் அகலம் திறந்தே வைத்தேன்.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, கல்லறை மேட்டுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மாரப்பனும் தங்கம்மாளும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பள்ளிக்கூட மேட்டிலிருந்து பார்த்தால் ஏரியூர்ப் பாதை முழுக்கத் தெரியும். இரண்டு தொப்பி, நடுவில் ஒரு வெள்ளைச் சேலை. நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் நடக்கக் கற்றுக்கொடுத்த நடைதானே. "வந்துட்டாங்க" என்று மட்டும்தான் பிள்ளையிடம் சொன்னேன். வேறு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. கொட்டகைக்கு எனக்கு முன்னால் ஓடினாள். ஐப்பசி மழைக்காகத் தங்கம்மாள் கல்லைச் சுற்றி இறுக்கமாக மெழுகியிருந்தாள், கடப்பாரையால் நெம்ப வேண்டியிருந்தது. நீங்கள் ஏரிக்கரையில் ஏறிவிட்டீர்கள். அவளாகவேதான் இறங்கினாள். நான் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். "அம்மா, சீக்கிரம் மூடு" என்றாள். கல்லை இழுத்து முழுதாக மூடி, மேலே காய்ந்த ராகித்தாளைப் பரப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு உங்களுக்கு வெல்லம் எடுக்க வந்தேன்.

எழுந்துவிட்டீர்கள். ஓடாதீர்கள், ஐயா. ராஜமேரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவள் குதித்துவிடுவாள். கல்லை நகர்த்தியதும் யாரும் இறங்கக் கூடாது. கல்லறைக்கு வாங்கிய மெழுகுவர்த்திகள் அந்த மேசை மேல் இருக்கின்றன. ஒன்றைப் பற்றவைத்துக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குங்கள். காலையில் எனக்கு அதற்கு நேரமில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பெற்றவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள், ஒரு சின்னச் சத்தம் வந்ததா? அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை, ஐயா. நான் வளர்த்த பிள்ளை.