கொக்கின் முழங்கால்

வீங்கிய முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது, ஐயா. நிறையப் பேர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். ஐஸ்தான் வைக்க வேண்டும். நான் கால்பந்து அணியின் பிசியோதெரபிஸ்ட். ஆட்டக்காரர்களின் கால்களைப் பிடித்துவிட்டே தலை நரைத்தவன்.

இந்தப் பருவம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டால் காரணம் ஒரே ஆள்தான், பொது மேலாளர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைக் களத்தில் இறக்குவது, எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம். வந்த வேகத்தில் கேப்டனை விற்றார். என் சிகிச்சை அறையைக் கூட்ட அறையாக்கிவிட்டு, என் மேசையைச் சலவை மெஷின்களுக்குப் பக்கத்தில் தள்ளினார். ஒருநாள் எல்லார் முன்னாலும், "எண்ணெய் தேய்க்கிறவரே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அணிதான் பெரிது.

கேலரியில், 'மேலாளரே வெளியேறு' என்று பதாகை பிடித்தார்கள். உரிமையாளர் அம்மா அசைந்து கொடுக்கவில்லை. எங்களையெல்லாம் கூட்டி வைத்து, "இன்னொரு வருஷம் குடுத்துப் பாப்போம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. எத்தனை தோற்றாலும் இவரை மன்னித்துவிடுவார்கள் என்று புரிந்தது. மன்னிக்கவே முடியாத ஒன்று நடந்தாக வேண்டும்.

கொக்கு எங்கள் முன்கள ஆட்டக்காரன். நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர். ரசிகர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். என் தங்கை மகன். அப்பா இல்லாத பிள்ளைக்கு முதல் பூட்ஸ் மாட்டிவிட்டதே நான்தான். அடுத்த ஆட்டத்தன்று என் மேசையில் வந்து படுத்தான்.

"மாமா, முட்டி ஒரு மாதிரி இழுக்குது."

விரல் வைத்ததுமே தெரிந்தது. உள்ளே தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். ஓடினால் அறுந்துவிடும்.

"ஒண்ணுமில்லடா, வெறும் பிடிப்பு" என்றேன். நான் போடக் கூடாத ஊசி ஒன்றைப் போட்டு, முட்டியை மரத்துப்போக வைத்து, இறுக்கிக் கட்டி அனுப்பினேன்.

அவன் போன பிறகு மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொய் பிடிக்காது. "அவன் ஆடலாமா? துளி சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்க. தோத்தாலும் பரவாயில்ல, உக்கார வெச்சுடறேன்" என்றார்.

"தாராளமா ஆடலாம் சார்."

இரண்டாம் பாதியில் பந்தோடு திரும்பும்போது விழுந்தான். பக்கத்தில் எதிரணி ஆள் ஒருவர்கூட இல்லை. முதலில் ஓடியது நான்தான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு உரிமையாளர் அம்மாவிடம் போனேன். "இறக்காதீங்கன்னு கெஞ்சினேம்மா. அவர் கேக்கல" என்றேன்.

"நீங்கதானே ஆடலாம்னு..." என்று மேலாளர் வாயைத் திறந்தார். யார் காது கொடுக்கிறார்கள்? அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார்.

கொக்கு இனி ஆட முடியாது. படியேறவே கைப்பிடி வேண்டும். மருத்துவமனையில் தங்கை என் தோளில் சாய்ந்து, "நீயாவது தடுக்கப் பாத்தியே அண்ணா" என்று அழுதாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வலி இருந்தால் அப்படித்தான் செய்வார்கள்.

நேற்று ஜெயித்தோம். உரிமையாளர் அம்மா மைக்கைப் பிடித்து, "மேலாளரை மாத்தினது ரசிகர்களோட குரல்தான்" என்றார். பதாகைக்காரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்கள் தொண்டை கிழியக் கத்தியதற்கா அவர் போனார்? ஒரு துணியைத் தூக்கிப் பிடித்ததைத் தவிர என்ன இழந்தார்கள்? இந்த அணிக்காக என் தங்கை மகனின் காலையே கொடுத்தவன் ஓரமாக நின்று கைதட்ட வேண்டுமாம்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமலே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அவரை அனுப்பியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.