குச்சியால சோறு அள்ளுற பொண்ணு

கத்திரிக்கோல் குடுத்தாங்க, தங்கச்சி. அந்தக் கொரியாச் சாப்பாட்டுக் கடையில, சாப்புடுற மேசைல. ஒரு கத்திரிக்கோல், ஒரு இடுக்கி... நான் எங்கட மனிசரப் பாக்குறேன், மனிசர் என்னயப் பாக்குறாரு. எங்க ஊட்டுல கத்திரிக்கோல் தையல் மெசின் லாச்சிக்குள்ள ஈக்குற சாமான். இங்க மேச நடுவுல அடுப்பு. பச்ச எறச்சிய ஒரு தட்டுல வெச்சிட்டு பரிமாறுற புள்ள சிரிச்சிட்டுப் போயிட்டா. நாமளே சுட்டு, நாமளே வெட்டி, நாமளே திங்கணுமாம். அப்ப அவங்க என்னத்துக்குக் கட தொறந்து வெச்சீக்கிறாங்க? அலுவிகாரையில இருந்து விடிய முன்ன பஸ் ஏறி நான் கொழும்புக்குப் போனது எறச்சி சுடவா?

ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க, காத்து காதுக்குள்ள அடிக்குது. ஆ, சரி. நீங்களும் மாத்தளைக்குத்தானே? நல்லதாப் போச்சு. என் பேரு நாச்சியா. அந்தா முன்னுக்கு ரெண்டாவது சீட்டுல ஜன்னலப் பாத்துக்கிட்டு ஈக்குறது மக றுஸ்னா. பக்கத்துல வாயத் தொறந்து தூங்குறது மனிசர். மக கேகாலையில இருந்து என்னோட பேசல்ல. அதான் கண்டில சீட்டு காலியானதும் இங்க வந்து குந்திட்டேன்.

எங்க விட்டேன்? ஆ, அடுப்பு. கலியாணப் பேச்சுக்குத்தான் தங்கச்சி போனோம். மாப்புள ஷிஹாம், அஞ்சு வருஷத்துக்குக் கிட்ட கொரியாவுல வேல செஞ்சவரு. நாவுலப் பக்கம் ஊடு. பெரிய வெங்காயம் போடுறவங்க. திரும்பிப் போற பேப்பர் வேலையா கொழும்புல நிக்கிறாரு. அதனால ரெண்டு ஊட்டாளுகளும் அங்கேயே சந்திக்கிறதுன்னு ஏற்பாடு. நாங்க மூணு பேர், அவரு, அவரு வாப்பா, உம்மா பீபி ராத்தா. ஆறு பேர். ஒரு சஹனச் சுத்திக் குந்த சரியான கணக்கு. ஒரு பெரிய தட்டு நெறய புரியாணி, மேல ரெண்டு கோழி, ஆறு கை... கலியாணம் அங்கேயே முடிஞ்சீக்கும். இங்க என்னன்னா குட்டிக் குட்டிப் பீங்கான் பதினொண்ணு. எண்ணிப் பாத்தேன். பூனைக்கு வெக்கிற மாதிரி ஒவ்வொண்ணுலயும் ஒரு கிள்ளு.

ஹலாலா? அதெல்லாம் ஹலால்தான். வாசல்லயே மாப்புள போர்டக் காட்டிட்டாரு. நல்ல புள்ள. கொற சொல்ல ஏலாது.

கோவா எலய மொளகாத் தூள்ல பெரட்டி, புளிக்க வெச்சு, அத ஒரு கறின்னு வெக்கிறாங்க. எங்க ஊட்டுல அப்பிடிப் புளிச்சா வாளில கொட்டுவோம். நான் ஒரு வாய் வெச்சேன், கண்ணுல தண்ணி. ஆனா சாப்பாட்டுல மிச்சம் வெக்கப்படாதுன்னு பழகினவ நான். கண்ண மூடிக்கிட்டு முழுங்கி பீங்கான வெறுமையாக்கினேன். ஒடனே அந்தப் புள்ள ஓடி வந்து மறுகா நெரப்பிட்டுப் போறா. காசு இல்லயாம், எத்தன தரம் வேணுன்னாலும் போடுவாங்களாம். நான் முடிக்கிறேன், அவ போடுறா. நான் முடிக்கிறேன், அவ போடுறா. நாலு தரம் தங்கச்சி. மிச்சம் வெச்சாத்தான் அவ நிப்பாட்டுவான்னு யாரு எனக்குச் சென்னா?

பீபி ராத்தாவும் லேசுப்பட்ட ஆள் இல்ல. சஹன்ல குந்தினா நல்ல துண்ட மத்தவங்க பக்கம் தள்ளி விடுறதுதானே மரியாத. நான் அந்தக் கோவாவ அவங்க பக்கம் தள்ளுறேன். அவங்க சிரிச்சிக்கிட்டே என் பக்கம் தள்ளுறாங்க. "நல்லா ஈக்குது என்ன"ங்கிறாங்க. "நல்லா ஈக்குது ராத்தா"ங்கிறேன். ரெண்டு பேருக்கும் நெத்தியெல்லாம் வேர்வை.

என்ன கேட்டீங்க? ஏன் அந்தக் கடைக்குப் போனோம்னா... அது மாப்புள பாத்த கடதான். ம்... அவரு சும்மா பாக்கல்ல. நான் பஸ்லி நானாகிட்ட, அவருதான் தரகர், போன்ல ஒரு வார்த்த சென்னேன். எங்க றுஸ்னாவுக்கு கொரியாச் சாப்பாடுன்னா உசுருன்னு. ஊட்டுல கெழமைக்கு ஒருக்கா சமைப்போம்னு. குச்சியாலயே சோறு அள்ளுவான்னு... அதயும் சென்னேன்தான். என்ன செய்ய? அவங்க கண்டில ஒரு டாக்டர் பொண்ணயும் பாக்குறாங்கன்னு காதுல விழுந்திச்சு. எங்க புள்ள பாலர் பாடசாலை டீச்சர். நானும் எதையாவது தூக்கி வெக்கணுமே.

அதால வந்த வெனைதான். எல்லாரும் அவ கையையே பாக்குறாங்க. இரும்புக் குச்சி, வழுக்குது. ஒரு பருக்க எடுத்தா ஒம்பது பருக்க கீழ. மாப்புள கண்டுட்டாரு. ஒரு கரண்டிய மெல்ல அவ பக்கம் நகத்தி வெச்சாரு. அவ நிமிந்து பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா தங்கச்சி... நான் பெத்தவ, இருபத்தெட்டு வருஷமா அந்தச் சிரிப்ப நான் கண்டதில்ல.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "வேணாம் மகன், அவ குச்சிலதான் சாப்புடுவா"ன்னு அந்தக் கரண்டிய எடுத்து என் பக்கம் வெச்சிக்கிட்டேன்.

அப்பிடிப் பாக்காதீங்க. வெக்கமாத்தான் ஈக்குது.

கேகாலையில பஸ்லி நானா போன் எடுத்தாரு. மாப்புள ஊட்ல வேணாம்னுட்டாங்களாம். "நல்ல சனம், ஆனா பெரிய நாகரிகம். அவன் போனதுக்குப் பொறகு பொண்ணு எங்களோட வெங்காயத் தோட்டத்துல, சோறும் கருவாடும் தின்னுக்கிட்டு எப்பிடி இருப்பா"ன்னு பீபி ராத்தா சென்னாங்களாம். அவங்க அந்தக் கடையில இருந்து எறங்கி நேரா பெட்டா பஜாருக்குப் போய்த்தான் சோறும் மீனும் சாப்புட்டாங்களாம். பசியாம். நாங்களும் பெட்டாவுலதான் சாப்புட்டோம். ரெண்டு தெரு தள்ளி.

என்ன செல்றீங்க? போன் எடுத்து உண்மையச் செல்லவா? செல்றது லேசு. சம்மந்தியாக வேண்டிய பொம்புளைகிட்ட நான் பொய்க்காரின்னு நானே செல்றதா... ஆனா புள்ள மாவனெல்ல வரைக்கும் அழுதா. இதுக்கு முந்தி பாத்த ஆறு மாப்புளயையும் வேணாம்னவ, இவருக்குத்தான் தலையாட்டினா. என் வாயால கெடுத்துட்டேன் தங்கச்சி. தாங்க ஏலாம ஈக்குது.

சரி. எடுக்குறேன். உண்மைய மட்டும். நீங்க சாட்சி.

ஹலோ... அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. நாச்சியாதான். ஒரு உண்மையச் செல்லத்தான் எடுத்தேன். அந்தச் சாப்பாடு... இல்ல ராத்தா, ஒரு நாளும் ஊட்டுல சமச்சதில்ல. இன்னைக்குத்தான் கண்ணால கண்டேன். நான் சென்னது பொய். புள்ளைக்குத் தெரியாது, அவ மேல குத்தம் இல்ல. மன்னிச்சிக்கோங்க... ஓ... ஒங்களுக்கும் அந்தக் கோவாவால கண்ணுல தண்ணியா? நான் நீங்க ருசிச்சுத் திங்கிறீங்கன்னு நெனச்சேன்... என்ன, ஷிஹாம் அவதான் வேணும்னு நிக்கிறாரா? அல்ஹம்துலில்லாஹ்... ஓ... ஓ... யாரு, றுஸ்னாவா? என்ன ராத்தா இப்பிடிக் கேக்குறீங்க. தோட்டம்னா அவளுக்கு உசுரு. வெங்காய நாத்து நட குந்தினான்னா ரெண்டு ஆள் வேல செய்வா... ஓ... எப்ப? இந்த ஞாயித்துக்கெழமையா? நடவா... வாறோம் ராத்தா. வாறோம்.

வெச்சிட்டாங்க.

றுஸ்னா எதுக்கு இப்பிடித் திரும்பிப் பாக்குறா? சத்தமா பேசிட்டேனா?

தங்கச்சி, எங்க எழும்புறீங்க, மாத்தள இன்னும் வரல்லயே. ஒரு நிமிஷம்... கேக்க மட்டும் கேக்குறேன், ஒங்களுக்கு வெங்காய நாத்து நடத் தெரியுமா?