முன்வாசல் சீமைப்பலா

ஹலோ... ஹலோ... லாசெல்ஸா? ஆமா, அக்காதான். டெஸ்ரீன்தான் பேசுறேன். வேற எவ பேசுவா?

...

சௌக்கியமெல்லாம் அப்புறம் விசாரி. முன்வாசல் சீமைப்பலாவை யாரைக் கேட்டுடா வெட்டுன?

...

காத்துல சாஞ்சிருக்கும்னு பொய் சொல்லாத. ரம்பக்காரன் இன்னும் இங்கதான் கிளையைக் கழிச்சுக்கிட்டு நிக்கிறான். “கிங்ஸ்டன்ல இருந்து உங்க தம்பி போன் பண்ணாரு, நீங்க இல்லாத நேரமாப் பாத்து முடிக்கச் சொன்னாரு”ன்னு என் மூஞ்சியப் பாத்தே சொல்றான்.

...

ஆமா... ஆமா, கெஸ்ட்டுங்களைக் கூட்டிட்டு ஆத்துக்குப் போயிருந்தேன். மூங்கில் தெப்பத்துல ஏத்தி இறக்கி, கரையில மீன் வறுத்துப் போட்டு, பாடிக்கிட்டே திரும்பி வர்றோம். வாசல்ல வானம் பப்பரக்கான்னு கிடக்கு!

...

கடல் தெரியட்டும்னுதான் வெட்டச் சொன்னியா? நல்லாத் தெரியுது. கூடவே கீழ்வீட்டுக்காரன் கக்கூஸும் தெரியுது. போட்டோ எடுத்து அனுப்பவா?

...

இரு, ஒரு நிமிஷம்... வாங்கம்மா, வாங்க! இஞ்சி டீதானே, இதோ கொண்டாறேன். ஊஞ்சலா? அது கட்டியிருந்த மரம்... கொஞ்சம் சாஞ்சிருச்சும்மா. ஒண்ணுமில்ல, நீங்க காலை நீட்டி உக்காருங்க.

கேட்டியா? ஊஞ்சல் எங்கன்னு கேக்குறாங்க. என் தம்பி முழுங்கிட்டான்னு சொல்லவா? மரம் விழுந்ததுல என் இஞ்சிப்பூப் பாத்தி மொத்தமும் சட்னி. எங்கெங்கயோ கெஞ்சி வாங்கிட்டு வந்து நட்ட கிழங்குடா அது!

...

கத்தாத. எனக்கும் கத்தத் தெரியும். கெஸ்ட்டு இருக்காங்களேன்னு பாக்குறேன்... என்ன? என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு.

...

“இனிமே அந்த மண்ணுல உனக்கு என்ன அடையாளம் இருக்கு”ன்னா கேக்குற?

...

ஆக, கடலும் இல்ல, காத்தும் இல்ல. இதான் சங்கதி. ஊர் வழக்கம் எனக்கும் தெரியும்டா. தொப்புள்கொடி புதைச்ச மரம் நிக்கிற வரைக்கும்தான் பாத்தியதை. மரத்தைச் சாச்சுட்டா அக்காவைக் கிளப்பிடலாம், நிலத்தை வித்துடலாம்னு கணக்குப் போட்டியா? கூரை ஒழுகின வீட்டை நிமித்தி, செடி நட்டு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் படுக்கை தட்டிப் போட்டு இதை கெஸ்ட் ஹவுஸ் ஆக்குனவ நான். நீ கிறிஸ்துமஸுக்கு வந்து கேக் தின்னுட்டுப் போனவன்.

...

ஆமா. ஆமாடா. ஊரே அதை டெஸ்ரீன் மரம்னுதான் சொல்லும். ஏன் சொல்லுச்சு? தண்ணி ஊத்துனது நான். ஆடு மேயாம காவல் காத்தது நான். மரத்துக்குச் சொந்தக்காரன் அப்பத் தொட்டில்ல கிடந்து பால் கக்கிக்கிட்டு இருந்தான்.

...

என்ன “யாரு”? நீதான்டா!

...

சும்மா இல்ல, கேளு. எனக்கு ஏழு வயசு. அப்பா குழி தோண்டுறாரு, பக்கத்துல நிக்கிறேன். உன் தொப்புள்கொடியைத் துணியில சுத்தி அம்மா என் கையிலதான் குடுத்தாங்க. நானே குழிக்குள்ள வச்சேன். அதுக்கு மேலதான் அப்பா கன்னை நட்டாரு.

...

என்னுதா? என்னுது சமையல்கட்டுக்குப் பின்னாடி நிக்கிற அக்கீ மரம். குத்துக்கல்லாட்டம் நிக்குது. இன்னிக்குக் காலையில கூட காய் பறிச்சு, உப்பு மீன் போட்டு வதக்கி எல்லாருக்கும் பரிமாறினேன்.

...

ஹலோ? லாசெல்ஸ்? என்னடா, அழுறியா?

...

அழாத. அம்மா இருந்திருந்தா உன்னைத் துடைப்பத்தாலயே... இல்ல, உன்னைக் கட்டிப் பிடிச்சு அவங்களும் அழுதிருப்பாங்க. எப்பவும் அதானே நடக்கும்.

...

எனக்கு மட்டும் வயிறு எரியலையா? உன்னைவிட அதைத்தான் நான் அதிகமாப் பாத்துப் பாத்து வளத்தேன். நீ வெட்டுனது உன்னோடதாப் போச்சேன்னு சிரிப்பு வருது, சிரிக்கத்தான் முடியல.

...

வர்றியா? ஞாயித்துக்கிழமையா? வா, வேணாங்கல. ஆனா இந்த மண்ணுல இருந்த உன் அடையாளத்தை நீயே கூலி குடுத்து வெட்டிட்ட. அதனால மத்த கெஸ்ட்டுங்க வர்ற மாதிரி முன்கூட்டியே சொல்லிட்டு வா. ரூம் காலியா இருக்கான்னு பாக்கணும்.

...

என்ன, நம்ம வீடுதானேங்குறியா? யாரு வீடு?

...

சரி, சொல்லுங்க லாசெல்ஸ் சார். எத்தனை பேரு வர்றீங்க? எத்தனை ராத்திரி தங்குறீங்க?... ஹலோ?... ஹலோ?...