மூளைக்குள் நின்றுபோன பேச்சு

காலை நேரம், திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே ஒரே தையல் கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஐம்பது வயது இருக்கலாம்.

"என் மூளைக்குள்ள ஒரு கடியாரம் கீதாம், சுமதி. டாக்டரம்மா சொல்லுது."

"இன்னாக்கா சொல்ற?"

"அதுல கீற செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கினே இருந்தாத்தான் நேரத்துக்குத் தூக்கம் வருமாம். ஓவரின்னு சொல்ற சினைப்பையில சுரக்குற ஹார்மோனும் அதுக்கு ஒத்தாசை பண்ணிக்கினு இருந்துச்சாம். எனக்குத் தீட்டு நிக்கற வயசாச்சே, ஹார்மோன் கொறஞ்சிருச்சு. அதான் அதுங்களுக்குள்ள பேச்சுவார்த்த சரியில்லியாம்."

"அதான் நேத்து மிஷின்லயே தூங்கி, ஒரு சட்டையோட ரெண்டு கையையும் ஒண்ணா சேத்து தெச்சியா?"

"இன்னொரு தபா தூங்கினா வேலைக்கு வராதன்னுட்டான் சூப்பர்வைசரு."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்பால போயி செவுத்துக் கடியாரத்துக்குப் புது பேட்டரி வாங்கியாந்து போட்டாரு."

சுமதி சிரித்தாள். மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அழுவாதக்கா. இன்னிக்கு உன் பக்கத்து மிஷின்ல நான் குந்திக்கிறேன். பேசிக்கினே இருக்கேன், தூங்க வுடமாட்டேன்."

"நாள் பூரா இன்னாத்தடி பேசுவ?"

"மாமாவப் பத்திதான்."

மூத்தவள் யோசித்தாள். "அது சாயந்திரம் வரைக்கும் தாங்கும்," என்றாள்.