பெகுவிலிருந்து நடந்து வந்தவர்கள்

விளக்கு வைக்கிற நேரம். காரைக்குடியிலிருந்து நேமத்தான்பட்டிக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் செம்மண் பொட்டல்... எதிரே ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் முத்துராமன் புல்லட்டில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.

பள்ளத்தில் வண்டி இறங்கியது. முன் ஸ்பிரிங் கிறீச் என்றது. சரி. பின் ஸ்பிரிங்கும் கிறீச் என்று அமுங்கியது. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி அமுங்குமோ, அப்படி.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தியமூர்த்தியைத் தெரியுமல்லவா? கொப்புடையம்மன் கோயில் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தானே, அவன்தான். இந்த முத்துராமன் அவனுக்குத் தாய்மாமன். தச்சு ஆசாரி வீட்டுப் பிள்ளை, உளி பிடிக்காமல் போலீசில் சேர்ந்தவர். அவரே சத்தியமூர்த்தியிடம் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டு, நெருங்கி உட்காருங்கள்.

அறுபத்தேழாம் வருஷம். எல்லாம் ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்த காலம். முத்துராமனின் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். பிணத்தைக் காட்டினால் பார்ப்பார். இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் முதல் சாவு. அரியக்குடியில் ஒரு பெரிய வீடு. அதில் தனியாக இருந்தவர் மெய்யநாதன் செட்டியார். கழுத்தைத் துண்டால் இறுக்கியிருந்தது. ஆனால் கிடந்த விதம் கொலையுண்டவர் கிடக்கிற விதமாக இல்லை. கையும் காலும் நேராக நீட்டியிருந்தன. முகத்தின் மேல் ஒரு துண்டு, ஓரம் மடித்து மூடியிருந்தது. பாதம் இரண்டும் கழுவியிருந்தது. கல் தரையில் அந்த ஈரம் இன்னும் காயவில்லை. விரலில் வைர மோதிரம் அப்படியே மின்னியது.

அடுத்தது ஒக்கூர். பிச்சையம்மாள் என்கிற அம்மாள். அப்புறம் காரைக்குடியிலேயே ஒரு விதவைத் தாய். மூன்று வீட்டிலும் கதவை உடைக்கவில்லை. மூன்று வீட்டிலும் மூடிய முகம், கழுவிய கால். மூன்று வீட்டிலும் உள்கட்டில் ஒரு தலைவாழை இலை போட்டுப் பரிமாறியிருந்தது. சோற்றில் கை வைத்த அடையாளம் இல்லை.

மேலதிகாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"திருட வந்தவன்யா. ஆள் சத்தம் கேட்டு மெரண்டு ஓடியிருப்பான்."

"மெரண்டு ஓடுறவன் காலைக் கழுவிவிட்டுக்கிட்டு இருப்பானாய்யா?" என்று கேட்டார் முத்துராமன்.

முத்துராமன் ரேகை தேடுவதை விட்டுவிட்டார். அவன் என்ன செய்கிறான், எந்த வரிசையில் செய்கிறான், எதைச் செய்யாமல் விடுகிறான்... அதையே யோசித்தார். ஒரு மத்தியானம், ஒக்கூர் வீட்டில் பிச்சையம்மாள் கிடந்த அதே கல்லில் போய் மல்லாந்து படுத்தார். கூட வந்த கான்ஸ்டபிள் சோமு பதறிப்போனார்.

"எந்திரிங்கய்யா... இதெல்லாம் வேணாம்."

"இங்க பாரு சோமு. கோபத்துல கொல்றவன் கூடுதலா ரெண்டு போடு போடுவான். இவன் போடலை. முகத்தை மூடுறவன், அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாதவன். சரி, கால் எதுக்குக் கழுவுறான்? வீட்டுக்குள்ள இருந்தவுகளுக்குக் கால்ல என்ன புழுதி?"

"தெரியலையேய்யா."

"அவன் கண்ணுக்கு அவுக ரொம்பத் தூரம் நடந்து வந்தவுக. எங்கயோ ஒரு வழியில பொணத்தைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கான். முகத்தை மட்டும் மூட முடிஞ்சிருக்கு. கழுவத் தண்ணி இல்லை. அன்னைக்குச் செய்யாததை இன்னைக்குச் செய்யுறான்."

சோமு யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப எதுக்குய்யா கொல்லணும்?"

முத்துராமன் படுத்தபடியே சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு போட்டோ. கோட்டுப் போட்ட இளவட்டம். பிச்சையம்மாளின் தம்பி. கண்ணாடி துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஆனால் மாலை இல்லை, பொட்டு இல்லை. செத்தவர் படமாக அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்து கழற்றிப் பார்த்தார். மூலையில் ஸ்டூடியோ முத்திரை... பெகு, பர்மா.

அன்றைக்கே மற்ற இரண்டு வீட்டுக்கும் போனார். அங்கேயும் ஒவ்வொரு படம். மாலை இல்லை. பெகு முத்திரை. மெய்யநாதன் செட்டியாருடைய மகன் ஒருவர். காரைக்குடி அம்மாளுடைய மகன் ஒருவர். மூவரும் ஒரே செட்டியார் கடையில் வேலை பார்த்தவர்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். வந்து சேரவில்லை.

அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தது ஒரே ஒரு ஆள். கடையில் சமையல்காரராக இருந்த சோணை.

சோணையைப் பிடிப்பது கஷ்டமாகவே இல்லை. ஒரு சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். போலீசைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஸ்டேஷனில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் கிளாசை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கினார். பழைய காய்ச்சலில் இரண்டு கையிலும் விரல்கள் சுருண்டு உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. ஒரு முடிச்சுப் போடக்கூட ஆகாது.

முத்துராமன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் செஞ்சியா?"

"கால் கழுவிவிட்டது நான்தேன். முகத்தை மூடுனது நான்தேன்."

"கழுத்தை இறுக்குனது?"

சோணை டீயைக் குடித்து முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அரக்கான் காட்டுல ஒவ்வொருத்தரா விழுந்தாகய்யா. தண்ணி இல்லை. முகத்தை மூடிட்டு நான் நடந்துட்டேன். ஊருக்கு வந்தும் விடலை... வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்டு ஒரே நச்சரிப்பு. இருபத்தஞ்சு வருசம் காதைப் பொத்திக்கிட்டு இருந்தேன். முடியலை. கூட்டிட்டுப் போனேன். நான் வாசலோட நின்னுக்கிருவேன். உள்ள போறது அவுக. பொறகு கூப்பிடுவாக."

"யாரு?"

"அவுகதேன். தனியாத் திரும்பிப் போக மாட்டேங்குறாக. வீட்டு ஆள் ஒண்ணு துணைக்கு வேணுமாம்."

அந்த அறையில் ஒரு வாசனை. மழைக்காட்டில் இலை மக்குகிற வாசனை. அந்த வருஷம் காரைக்குடியில் ஒரு பொட்டு மழை இல்லை.

"இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காகளா?" என்று கேட்டார் முத்துராமன்.

"வழியில விழுந்தவுக எத்தனையோ பேரு. நம்ம கடையில ஒருத்தர்தேன். சொக்கலிங்கம் செட்டியார். நேமத்தான்பட்டி. சம்சாரம் மட்டும் இருக்காக." சோணை தலையைத் தூக்கினார். முத்துராமனின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "என்னைத்தேன் பூட்டி வச்சிருக்கீகளே. எப்படியும் ஒருத்தர் கூட்டிட்டுப் போகணும்ல..."

சோணையை ரிமாண்டு செய்தார்கள். கேஸ் முடிந்தது என்று மேலதிகாரி கையைத் தட்டிவிட்டுப் போனார். முத்துராமனுக்கு முடியவில்லை. அந்த விரல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. வேறு ஒருவன் வெளியே இருக்கிறான். அப்படித்தான் நினைத்தார். அடுத்து அவன் போகிற வீடு எதுவென்று தெரியும். எச்சரிக்கை செய்துவிட்டு, இரண்டு கான்ஸ்டபிளைக் காவல் போட வேண்டும். அதற்காகத்தான் மறுநாள் சாயங்காலம் புல்லட்டை எடுத்தார்.

பின் ஸ்பிரிங் மறுபடி கிறீச் என்றது. பிடரியில் ஈரக்காற்று. அந்த மக்கின வாசனை... இந்தப் பொட்டலில் எங்கிருந்து? பயமாக இருந்ததா என்று சத்தியமூர்த்தி பின்னாளில் கேட்டான். "இல்லடா. ஒண்ணுமே இல்லை. கைமேல படுத்துத் தூங்கி எந்திரிச்சா, அந்தக் கை யாரு கையோ மாதிரி இருக்கும்ல? ஒடம்பு முழுக்க அப்படி இருந்துச்சு" என்றார்.

பெரிய வீடு. தெருவில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தது. நீலாயதாட்சி ஆச்சி நின்றார்கள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம். செத்ததாகத் தகவல் இல்லாத புருஷனுக்காக இருபத்தைந்து வருஷமாக வைத்த குங்குமம். ஆச்சி முத்துராமனைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் பார்த்தார்கள்.

"வாங்க," என்றார்கள். "ரெண்டு பேரும் வாங்க."

"நான் ஒருத்தன்தான் வந்திருக்கேன் ஆச்சி. போலீஸ். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குனிந்து ஊற்றினார்கள். தண்ணீர் முத்துராமனின் காலில் விழவில்லை. ஒரு முழம் தள்ளி, வெறுங்கல்லில் விழுந்தது. விழுந்த தண்ணீர் செக்கச்செவேல் என்று சேறாக ஓடியது.

ஆச்சியின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"நீங்க இப்படி முகப்புல உக்காருங்க தம்பி" என்று முத்துராமனிடம் சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார். எழுந்து உள்ளே ஓட வேண்டும், அந்த அம்மாளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவர வேண்டும். அது அவருக்குத் தெரிந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இலையை விரிக்கிற சத்தம். தண்ணீர் தெளிக்கிற சத்தம். ஆச்சியின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் போடுறேன்... எம்புட்டு இளைச்சுப் போயிட்டீக..."

பேச்சு நின்றது. பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

"ஆமா... வீட்டைப் பூட்டத்தான் வேணும். யாரு இருக்கா இங்கே? சரி... வாரேன்."

அப்புறம் சத்தமே இல்லை. பல்லி கூடக் கத்தவில்லை. முத்துராமன் தன் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல். சாவகாசமாக, வேலையாளைக் கூப்பிடுவதுபோல.

"முத்துராமா... உள்ள வா."

போனார்.

ஆச்சி கல் தரையில் கிடந்தார்கள். கழுத்தில் ஒரு துண்டு. முத்துராமன் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. கையையும் காலையும் நேராக்கினார். செம்பை எடுத்தார். பாதம் இரண்டையும் நிதானமாக, விரலிடுக்கு விடாமல் கழுவினார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டு ஓரத்தை மடித்துவிட்டார். வெளியே வந்து புல்லட்டை உதைத்தார். போகும்போது பள்ளத்தில் பின் ஸ்பிரிங் சத்தம் போடவில்லை.

மறுநாள் காலையில் தகவல் வந்தது. அந்தக் கேஸை விசாரிக்கப் போனது யார் தெரியுமா? அவரேதான். சோமு பின்னால் நின்றுகொண்டு, "அதே மாதிரிங்கய்யா... அச்சு அசலா அதே மாதிரி... சோணை உள்ள இருக்கானேய்யா" என்று முணுமுணுத்தார். முத்துராமன் மூடிய முகத்தைப் பார்த்தார். கழுவிய காலைப் பார்த்தார். இதைச் செய்தவன் எப்படிப்பட்டவன் என்று இந்தத் தடவை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆள் அகப்படாமலே கேஸ் போயிற்று. சோணைக்குப் புத்தி சரியில்லை என்று கோர்ட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. முத்துராமன் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு அக்காள் வீட்டோடு வந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். தொந்தரவும் கிடையாது.

எழுபத்துநாலில் கண் காட்டுவதற்காக அவரைச் சத்தியமூர்த்தி புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனான். நல்ல மத்தியானம். பஸ் நிறையக் கூட்டம். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. சத்தியமூர்த்தியையே விடவில்லை. "ஆள் இருக்கு" என்றார். மாமாவுக்கு வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து இவன் பின்சீட்டில் போய் உட்கார்ந்தான்.

திருமயம் வந்தது. பஸ் நின்றது. மாமா காலை ஒடுக்கி வழிவிட்டார்.

"எறங்குங்க. உங்க ஊரு வந்துருச்சு" என்றார், காலி இடத்தைப் பார்த்து.

கீழே ஒரு வயசான பொம்பளை வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஜன்னல் ஜன்னலாகக் கூவிக்கொண்டு வந்தாள். கூவல் பாதியில் நின்றது. படிக்கட்டைப் பார்த்தாள். யாரும் இறங்கவில்லை. கூடை இடுப்பிலிருந்து நழுவியது. பிஞ்சுகள் தார்ரோட்டில் உருண்டன. அவள் குனியவில்லை. நிமிர்ந்து, யாரோ ஒருவருடைய முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சிரித்தாள்.

பஸ் கிளம்பும்போது அவள் கேட்டது சத்தியமூர்த்தியின் காதில் தெளிவாக விழுந்தது.

"வந்துட்டீகளா... வாங்க, வீட்டுக்குப் போவோம்."