பூப்பெட்டி மூடி

— மறுபடியும் பெருசாப் போச்சு, ஜெய்சங்கர். பூப்பெட்டிக்கு மூடி கேட்டா குடை பண்ணி வெச்சிருக்கீங்க.

— நீங்க சொன்ன அளவுதாங்க, மலர்க்கொடி. வளைவு ஒண்ணேகால் முழம்.

— அது சரி. யாரு முழம்? உங்க கை என்ன நீளம், என் கை என்ன நீளம்! சாத்தார வீதியில உங்க முழத்துக்குப் பூ வித்தா நான் ஓட்டாண்டிதான்.

— போன தடவை சின்னதாப் போச்சுன்னீங்களே?

— போச்சே. அப்ப யாரு முழமோ!

— மொத தடவை பெருசாப் போன பயத்துல குறைச்சுட்டேங்க.

— இப்ப இந்த பிளாஸ்டிக் ஷீட்டு வீணா? உங்க முதலாளி நஸ்ருல்லா பாய் இன்னொண்ணு குடுப்பாரா?

— குடுக்க மாட்டாரு. ஆனா வீணாகாதுங்க. திரும்ப அடுப்புல வெச்சா அப்பளம் மாதிரி இளகி, வளைஞ்சதெல்லாம் விட்டுட்டு பழையபடி தட்டையாயிடும். இதான் கடைசி. இதுக்கு மேல சூடு காட்டுனா உள்ள கொப்புளம் விட்டுடும்.

— அப்ப இன்னிக்குச் சரியா வந்தாகணும். ரோட்டுத் தூசியில மல்லி கறுத்துப் போவுது.

— வந்துடும். ஷீட்டை வளைக்கிற மர அச்சைக் கொஞ்சம் இழைச்சுக் குறைச்சாப் போதும். மேல மெத்துனு துணி போத்தியிருக்கேன், கீறல் விழாது.

— சரியா வந்துட்டா நான் இந்த அரியமங்கலம் பக்கமே வர வேண்டியதில்ல. காவேரிப் பாலத்துல அப்பாடி, என்ன நெரிசல்!

— ஆமாங்க. வர வேண்டியதில்ல.

— என்ன, குரல் இறங்கிப் போச்சு?

— ஒண்ணுமில்ல. அடுப்பு காயட்டும். டீ சொல்லவா?

— எப்பவும் கடை டீதானா? வீட்டுல போட்டுக் குடுக்க ஆளில்லையா?

— ஆளிருந்தா ஞாயித்துக்கிழமை நான் ஏன் பட்டறையில நிக்கிறேன்?

— அது சரி. என்னை மட்டும் யாரு தேடுறாங்க? டீ சொல்லுங்க. சக்கரை தூக்கலா.

— கையை நீட்டுங்க. இந்தத் தடவை டேப்பு வெச்சே அளந்துடறேன். முழங்கையில இருந்து நடுவிரல் வரைக்கும். ஆடாதீங்க.

— நான் ஆடல. நீங்கதான் ரெண்டாந்தடவை அளக்கிறீங்க.

— டேப்பு வழுக்குதுங்க.

— ஜெய்சங்கர், ஒண்ணு கேக்கவா? என் மொபெட்டு வாசல்ல நிக்குது. பெட்டியும் அது மேலதான் இருக்கு. அதை அளக்காம என் கையை எதுக்கு அளக்கிறீங்க?

— மொத நாளும் பெட்டியோடதானே வந்தீங்க, மலர்க்கொடி? அதைக் காட்டாம நீங்க எதுக்கு முழத்துல அளவு சொன்னீங்க?